மூச்சு விட ஓர் இடம்

குழாயைத் திறந்துவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் ஏற ஏற, அடியில் முரட்டுத்தனமாக இருந்த சத்தம் மெலிந்து மேலே போகிறது. விளிம்பைத் தொடும் நேரத்தில் அது ஏறக்குறைய ஒரு பாட்டு. பிறகு தண்ணீர் வழிந்து, கூடத்துக்கு வந்து, நாளிதழ் படிக்கும் கணவரின் பாதத்தை நனைக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் காலைத் தூக்கிக்கொண்டு, "அம்மா தாயே, வீடு மிதக்குது," என்கிறார். "இதோ வந்துட்டேன்," என்கிறாள். வருவதில்லை.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாத்தியக் குழுக்களுக்கு இசை எழுதுவது தொழில். யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எந்தப் படத்துக்கு?" மாடிவீட்டுக்காரி கேட்டபோது, "படமெல்லாம் இல்லைங்க, சும்மா கேக்கறதுக்கு," என்றாள். "ஐயோ பாவம்," என்றாள் மாடிவீட்டுக்காரி, மனதார.

சாப்பாட்டு மேசையின் ஜன்னலோர முனைதான் அவள் அலுவலகம். எழுதுவதைவிட அழிப்பது அதிகம். ரப்பர் துகள் சோற்றுத் தட்டு வரை வரும். பியானோ ஒன்று இருக்கிறது, துவைத்த துணிகளை மடித்து வைக்க. "அதுகிட்ட உக்காந்தா கை தனக்குப் பழகினதையே வாசிக்குது," என்பாள். பேச்சுக்கு நடுவே கண் எங்கோ போய்விடும். கூப்பிட்டால் திரும்புவாள், ஆள் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

நகரத்து இசைக்குழு இந்த ஆண்டு அவளிடம் ஒரு நீண்ட படைப்பைக் கேட்டிருந்தது. அதன் நடுப்பகுதியை ஒருவரை நினைத்தே எழுதினாள். நாயனத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஓபோவை அந்தக் குழுவில் வெகுகாலமாக வாசிப்பவர். அவளுடைய முதல் படைப்பைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளித்தபோது, "இரும்மா, இன்னொரு தடவை வாசிச்சுப் பாக்கறேன்," என்று சொன்ன ஒரே ஆள். அவருக்காக, எங்கும் முறியாத ஒரு மெட்டு: அடியில் வயலின்கள் பனிமூட்டமாய்ப் பரவியிருக்க, மேலே ஓபோ தனியாக நடந்துகொண்டே இருக்கும்.

எழுதிய தாள்கள் குழுவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஓபோக்காரருக்கு நிமோனியா வந்தது. பிழைத்து எழுந்தார். மூச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை.

ஒத்திகையில் மெட்டு பாதியில் அறுந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி அறுந்தது. வயலின்காரர்கள் தங்கள் காலணிகளை ஆராய்ந்தார்கள். குழுவை நடத்தும் கண்டக்டர் ('டிக்கெட் கொடுக்காத கண்டக்டர்' என்பது அவள் கணவர் வைத்த பெயர்) அவளை ஓரமாக அழைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவருக்கு நல்ல மூச்சு. அவர்கிட்ட குடுத்துடலாம். உங்க மெட்டு பிழைச்சுக்கும்."

மெட்டு பிழைக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். அவள் எழுதியதிலேயே நல்லது அது.

ஓபோக்காரர் சிற்றுண்டிச்சாலையில், ஆறிப்போன காப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "என்னால முடியலம்மா. அந்தத் தம்பியே வாசிக்கட்டும். கோவிச்சுக்க மாட்டேன்," என்றார், கோப்பையைப் பார்த்தபடி.

"அது கிடக்கட்டும். வேற ஏதாவது பேசுங்க."

பேசினார். மகள் வேறு ஊருக்குக் குடிபோனது, அவள் விட்டுப்போன பூனை, அது அவர் தலையணையில்தான் படுப்பேன் என்று அடம்பிடிப்பது. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நின்றார். நிற்கும்போது தோள் சற்றே உயர்ந்து இறங்கியது. விட்ட வார்த்தையை அதே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். கதை முறியவே இல்லை. அவள் பூனைக் கதையைக் கேட்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரப்பரை எடுத்தாள். அவர் நின்ற இடங்களிலெல்லாம் மெட்டை நிறுத்தினாள். அங்கே வயலின்களையும் நிறுத்தினாள். அவர் மூச்சு வாங்கி முடிக்கும் வரை குழு முழுவதும் சும்மா இருக்க வேண்டும்.

"நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் அழிக்கறே?" என்றார் கணவர்.

"அவருக்கு மூச்சு விட இடமே வைக்கலைங்க நான்."

கண்டக்டர் புதிய தாள்களைப் புரட்டிவிட்டுக் கையை விரித்தார். "இத்தனை பேரும் ஒண்ணா நிறுத்தினா, முடிஞ்சுபோச்சுன்னு ஜனங்க கைதட்டிடுவாங்களே!"

"தட்டினா தட்டட்டும். அவர் திரும்ப ஆரம்பிப்பார் இல்ல?"

அரங்கேறிய அன்று, முதல் நிறுத்தத்தில் யாரோ உண்மையிலேயே கைதட்டினார். பாதியில் கூச்சப்பட்டு நிறுத்தினார். ஓபோக்காரரின் தோள் உயர்ந்து இறங்கியது. மெட்டு விட்ட இடத்திலிருந்து எழுந்தது. இரண்டாம் நிறுத்தத்தில் ஒருவரும் அசையவில்லை. அடுத்ததில், தானும் அவரோடு மூச்சு இழுப்பதைக் கணவர் உணர்ந்தார். முன்வரிசைத் தோள்களும் உயர்ந்திருந்தன. மெட்டு அப்படியே நின்று நின்று, கடைசிவரை நடந்துபோயிற்று.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. கண்டக்டர் ஓபோக்காரரை எழுப்பி நிறுத்தி, அவளை மேடைக்கு அழைத்தார். ஏறிப் போனவள் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. வாத்தியங்களுக்கு நடுவே புகுந்து, ஓபோக்காரரின் நாற்காலியை அவர் முழங்காலுக்குப் பின்னால் நகர்த்தி, தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள்.