பிடிக்குள் இருந்த எழுத்து

அரம் உரசும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்குப் பல் கூசும், நாக்கில் துருவின் ருசி ஏறும். அப்பா தேயிலைச் செடிகளைக் "கவ்வாத்து" வெட்டுகிறவர். பிடிக்குள் செருகியிருக்கும் கத்தியின் காம்பு துருப்பிடித்தால் பிடி ஆடும், பிடி ஆடினால் கத்தி பறந்துபோய் பக்கத்து ஆளின் காலில் இறங்கும் என்பதால், ஆயுத பூசைக்கு முதல்நாள் எல்லாக் கத்திகளின் பிடியையும் கழற்றி, காம்பை வெள்ளையாகும்வரை ராவி, அரக்கு வைத்து இறுக்குவார். எனக்குப் பத்து வயதான அந்த வருடம், கத்திகளோடு சாக்கில் சுற்றிய ஒரு ஜப்பான் வாளும் பரணிலிருந்து இறங்கியது.

உலகச் சண்டை முடிந்த சமயம் அப்பா நானுஓயா ஸ்டேஷனில் பெட்டி தூக்கியபோது, பர்மாவிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் கொடுத்ததாம். போலீசுக்குப் பயந்து இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தாராம். பெட்டி தூக்கினவனுக்கு எவனாவது வாளைக் கொடுப்பானா? நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. களவு வாள் என்று பேச்சு கிளம்ப, "நெருப்பில்லாம பொகையுமா" என்று அம்மாவே முணுமுணுத்தாள். நானும் நம்பவில்லை, எனக்கு அப்போதே அப்படியொரு புத்தி.

பிடியைக் கழற்றியதும் காம்பில் கோழி கிளறியதுபோல ஏதோ கீறல்கள் தெரிந்தன. அப்பா அரம் தேடப் போன நேரத்தில், காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதைப்போல என் பள்ளிக்கூடக் கொப்பித் தாளை இரண்டு பக்கமும் வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டேன். அப்பா வந்து அரை நாள் ராவினார். காம்பு வெள்ளி மாதிரி ஆகிவிட்டது.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பங்களாச் சுவரில் இருந்த அவருடைய ஜப்பான் வாளைக் காணோம் என்ற பேச்சு இருந்தது. பூசை முடிந்த வாரமே புதுத் துரையும் தோட்ட மேற்பார்வை பார்க்கும் "கண்டாக்கையா"வும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கண்டாக்கையா கையில் பங்களாச் சாமான் லிஸ்ட். முந்நூறு வருடத்துப் பழைய வாள், செய்தவன் பெயரும் வருடமும் பிடிக்குள் வெட்டியிருக்கும் என்று அதிலிருந்து வாசித்தார். பிடியைக் கழற்றினார்கள். காம்பு பளபளத்தது.

"எழுத்த எதுக்கு ராவுன?" என்றார் கண்டாக்கையா.

"துருவத்தாங்க ராவுனேன். கத்திக் காம்ப ராவாம எப்படிங்க பிடி போடுறது?"

கவ்வாத்துக்காரர் எவரும் சொல்லக்கூடிய பதில்தான் அது. ஆனால் கூடி நின்ற கவ்வாத்துக்காரர்களே சிரித்தார்கள். நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். தாள் என் கொப்பிக்குள் இருந்தது. காட்டினால் அப்பா திருடியது நிச்சயமாகிவிடும் என்று பயந்து வாயே திறக்கவில்லை. வாள் பங்களாவுக்குப் போனது, அப்பாவுக்கு வேலை போனது. "களவாணி" என்ற பெயரைச் சுமந்துகொண்டு ராகலையில் மரக்கறித் தோட்டக் கூலியானார்.

எண்பதுகளில் நான் நுவரெலியாவில் ஆசிரியையாக இருந்தபோது, எங்கள் பள்ளிக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெண் பயிற்சி கொடுக்க வந்தார். பல நாள் தயங்கி, தாளை நீட்டினேன். ஒரு பக்கம் வாளைச் செய்த கொல்லன் பெயர், மறு பக்கம் வருடம் என்றார். எந்த வருடம் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பர்மாச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் என்றார். முந்நூறு வருடமாவது! அது என் அப்பாவைவிட இளைய வாள்.

அன்றே பஸ் பிடித்து ராகலைக்கு ஓடினேன். அப்பா முழுவதையும் கேட்டார், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"இது அன்னைக்கே ஒங்கிட்ட இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. பங்களா இப்போது ஹோட்டல். வாள் எங்கே என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. கீழே கொல்லனின் பெயர் மங்கிக்கொண்டு வருகிறது. மேல் மூலையில், கொப்பித் தாளில் எழுதுவதுபோல மையால் எழுதிய என் பெயர் இன்னும் தெளிவாக இருக்கிறது.