அண்ணனோடு பார்த்த படம்

அந்த ரொட்டிக் கடையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். மாவு உருட்டும்போதும் பாட்டு, தட்டு கழுவும்போதும் பாட்டு, எல்லாம் ஒரே பாடகனுடைய பாட்டு. வேறு கடைகள் கூப்பிட்டும் அவள் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம், இங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் அந்தப் பாடகனின் கூடப்பிறந்த அண்ணன். கரும்பு தின்னக் கூலியா என்று சேர்ந்தவள், பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் இங்கேதான் இருக்கிறாள்.

அண்ணன் அதிகம் பேசமாட்டார். நீளக் கட்டையால் தட்டை அடுப்புக்குள் தள்ளுவார், அனலுக்குக் கண்ணைச் சுருக்கி நிறம் பார்ப்பார், இழுப்பார். தம்பியைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கான்" என்பதோடு சரி. தம்பி பெரிய ஆளாகிப் போனவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பாடகன் வளர்ந்துவந்த நாளில் வானொலிக்குக் கொடுத்த பேட்டி அவளுக்கு வரிக்கு வரி மனப்பாடம். "எங்கண்ணன் அடுப்புல வெந்து எனக்கு கிட்டார் வாங்கித் தந்தாரு" என்று சொல்லி அவன் தொண்டை அடைத்து நின்ற இடத்தில் அவளும் நிறுத்திக் காட்டுவாள்.

பாடகனின் வாழ்க்கை படமாக வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விடுமுறை நாளாகப் பார்த்து இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"நமக்கெதுக்கும்மா அதெல்லாம்," என்றார் அண்ணன். "நீ போய்ப் பார்த்துட்டு வா."

"உங்க தம்பி படத்தை நீங்க பார்க்காம வேற யாரு பார்க்கறது? வரலேன்னா ரெண்டு டிக்கெட்டையும் கிழிச்சுப் போட்டுருவேன், ஆமா."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மனிதர் வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார்.

பாதிப் படம் வரைக்கும் தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் கூடவே பாடினாள். முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தும் அடங்கவில்லை. பிறகு திரையில் ஓர் அண்ணன் வந்தான். குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தவன், தம்பியை ஓங்கி அறைந்து, கிட்டாரைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். தம்பி கொட்டும் மழையில் வீட்டை விட்டு நடந்தான். பின்னணியில் அவளுக்கு உயிரான பாட்டு. அரங்கமே கூச்சலிட்டது. "பாவி, உன் கை அழுகிப் போக" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியது யாரென்றால், நம் ரேடியோதான்.

கத்தி முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் பக்கத்து இருக்கையின் பிடியில் இருந்த கையைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அடுப்புச் சூட்டின் தழும்பு. அந்தக் கையைத்தான் அவள் சபித்திருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேட்டியை மனப்பாடம் செய்தவளுக்கே உண்மை மறந்து போயிற்றென்றால், மற்றவர்களை என்ன சொல்ல?

கடைசியில் நிஜப் பாடகனே திரையில் தோன்றி, "இதுதான் என் கதை, எதையும் மறைக்கல" என்றான். அரங்கம் தட்டிய கைதட்டலில் அவளுடையது பாதியிலேயே நின்றது.

பேருந்து நிறுத்தத்தில், "அண்ணே, வாய் தவறிடுச்சு, மன்னிச்சிருங்க," என்றாள்.

"படத்துல வந்தவனைத்தானே திட்டினே. எனக்கே அவனைப் பிடிக்கல," என்றார் அவர். "பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு, இல்ல?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு கடையில் ரேடியோ பாடவில்லை. ரொட்டி வாங்க வந்தவர்கள் அடுப்படியை எட்டிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். "இந்த ஆளுதானா அது?" என்று ஒரு அம்மாள் அவளிடமே கேட்டாள். அது பொய் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் பாடகன் பொய்யன் என்றாகிவிடும். இத்தனை காலம் அவன் பாட்டையே பாடிய வாய்க்கு அந்த ஒரு சொல் வரவில்லை. மீதிச் சில்லறையை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆசை வெட்கம் அறியாது. அடுத்த விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தனியாக அதே படத்துக்குப் போனாள். பாட்டுக்காக மட்டும்தான் என்று தனக்குத்தானே சமாதானம். அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வதாகத் தீர்மானம். மூடவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும், அந்த அறை விழுந்தபோது "பாவி" என்று உதடு முணுமுணுத்தது. அவளுக்கே அவளைப் பிடிக்காமல் போயிற்று.

மறுநாள் காலையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே அண்ணன் கேட்டார்.

"நேத்து திரும்பவும் போனியா?"

வந்ததுமே அவர் பார்த்துவிட்ட, அழுது வீங்கிய கண்ணை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியுமா? "ஆமாண்ணே," என்றாள்.

அவர் ஒரு தட்டை இழுத்து வெளியே வைத்தார். நிறம் பார்த்தார். லேசாகச் சிரித்தபடிதான் கேட்டார்.

"இந்தத் தடவையாச்சும் அவனை அடிக்காம விட்டேனா?"