ஹட்டனில் உட்கார்ந்து ஆமைக்கு வட்டம் போட்ட கதை

கடலாமைகள் வலையில் சிக்கக்கூடிய இடத்தை வரைபடத்தில் சிவப்பு வட்டமாகப் போட்டு, மீனவர்களின் போனுக்கு அனுப்புவது என் தொழில். அலுவலகம் இருப்பதோ கடலே எட்டாத மலைநாட்டு ஹட்டனில், ஒரு பேக்கரிக்கு மேலே. முகம் தெரியாதவர்களிடம் போனில் ஏச்சு வாங்கிப் பிழைக்கும் சகபாடிகளே, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதல் ஏச்சு

முல்லைத்தீவுப் படகுக்காரர் அருளப்பு ஒரு காலையில் போன் எடுத்தார். என் வட்டத்தை நம்பி, அதைவிட்டுத் தள்ளி வலை விட்டிருக்கிறார். அங்கேதான் ஆமை பட்டது. பெரிய ஆமை, மூச்சு முட்டிச் செத்திருந்தது. அதை எடுக்க வலையையும் அறுக்க வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டேன். எந்த ஊர் என்று விசாரித்தார். கந்தப்பளை, தேயிலைத் தோட்டம் என்றேன்.

"பிள்ளை, நீங்கள் கடலைக் கண்ணாலயாவது கண்டிருக்கிறியளோ?"

காளான்

ஆமை பட்ட இடமென்று மீனவர்கள் சொல்லும் புள்ளிகளை வைத்துத்தான் வட்டம் போடுகிறேன். பிறகு ஏன் வட்டம் பிழையாகிறது? இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, பக்கத்து மேசை சாந்தியிடம் புலம்பினேன். அவளும் என்னைப் போலத் தோட்டத்துப் பெண், நோர்வூட்காரி. ஆமை படுகிற இடத்தைச் சொன்னால் மீன் படுகிற இடமும் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றாள். அதற்காக இத்தனை பேரும் பொய் சொல்வார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"ஏன்டி, நம்ம தோட்டத்துல காளான் மொளைக்கிற எடத்த எவளாச்சும் சரியா சொல்லியிருக்காளா?"

அனுப்பிய பிறகு

அருளப்புவிடம் கெஞ்சினேன். புள்ளி என்னோடு இருக்கும், மற்றவர்களுக்கு வட்டம் மட்டும்தான் போகும் என்று சத்தியம் செய்தேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு உண்மையான இடத்தைச் சொன்னார். அன்று பின்னேரம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. படகுகள் புறப்படும் நேரம் நெருங்கியது. அவசரமாக அனுப்பிவிட்டு அப்புறம்தான் பார்க்கிறேன்: வட்டத்துக்கு நடுவே புள்ளி, பக்கத்தில் அருளப்புவின் பெயர். எல்லாப் படகுக்கும் போய்விட்டது.

அழிப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அருளப்புவுக்கு எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. மீன் படுகிற இடம் தெரிந்த பிறகு வட்டத்தை யார் மதிப்பார்கள்? அவர் பிழைப்பும் போச்சு, ஆமையும் போச்சு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் அவரே போன் எடுத்தார். "அண்ணே, மன்னிச்சிருங்க" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவரோ சிரித்தார்.

"அழாதை பிள்ளை. அருளப்பு சொன்ன இடமெண்டால் பொய்தானே எண்டு ஒருத்தனும் அந்தப் பக்கம் போகேல்லை."

மூன்று வருடத்தில் நான் அனுப்பிய எத்தனையோ படங்களில் ஆமைகளை முழுசாகக் காப்பாற்றியது, உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாத அந்த ஒரு படம்தான்.