எரிமலையில் கழற்றிய கையுறை

என் தங்கச்சி புருஷனுக்கு மலையேறும் ஆசை வந்தது எங்களைப் பிடித்த சனி. நானும் அவனும் பொழியூரில் ஒன்றாக மீன்பிடிக்கப் போனவர்கள். தொண்ணூறுகளில் கடல் வீட்டு வாசல் வரை ஏறி வந்ததும் இருவரும் ஒரே சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தோம். கொஞ்ச நாள் ஓடிவிட்டு ஊருக்குத் திரும்பி, சொந்தமாக ஒரு வள்ளம் இறக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. மீன்பிடியைத் தவிர வேறு எதையும் அவன் வேலை என்றே எண்ணியதில்லை.

கப்பலைப் பழுது பார்க்கச் சிலி நாட்டில் நிறுத்தினார்கள். தூரத்தில் பனி மூடிய எரிமலை, உச்சியில் புகை. வழிகாட்டி ஒருவன் மேலே கூட்டிப்போவானாம்.

"கடல்ல நின்னு மலைய அடையாளம் வச்சு எத்தன நாளு மீன் பிடிச்சிருக்கோம். ஒருக்கா மலைக்கு மேல நின்னு கடல பாக்கண்டாமா மச்சான்?"

"கடல பாக்க மலையில ஏறணுமாக்கும்! பொழியூரு கரையில நின்னா தெரியாதா?" திட்டிக்கொண்டேதான் கூடப் போனேன்.

வழிகாட்டி எங்களைத் தன்னோடு ஒரே கயிற்றில் கட்டி முன்னால் ஏறினான். நடுவில் மச்சான், கடைசியில் நான். செங்குத்தான இடம் வந்ததும் மச்சான் கையுறைகளைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டான்.

"எலே, போடுலே அத!"

"கயிறு எங்க இழுக்குன்னு கைக்குத் தெரியண்டாமா?"

எங்கள் கரையில் கயிற்றை வெறுங்கையால்தான் பிடிப்போம். வலைக்குள் மீன் ஏறியதா, கடலடிப் பாறைப் பாரில் சிக்கியதா என்று விரலே சொல்லிவிடும். அந்தப் புத்தியைப் பனிக்கும் கொண்டு வந்திருந்தான், மடையன். கையுறைகளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. என்னுடையதைத் தருகிறேன் என்று கத்தினேன். "கெடக்கட்டு" என்று ஏறினான். காற்றின் இரைச்சலில் வழிகாட்டிக்கு எதுவும் கேட்கவில்லை.

உச்சியில் பனி இல்லை. கந்தக நாற்றம், பாறை இடுக்குகளில் ஆவி. மச்சானின் விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெளுத்திருந்தன. கடலிலிருந்து வந்ததும் அடுப்பருகே உட்காருவானே, அப்படியே குந்தி, ஆவி வரும் கல்லில் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்தான்.

"நல்ல சூடு உண்டா?" என்றேன்.

"ஒண்ணும் தெரியலயே மச்சான்." சிரித்தான்.

வழிகாட்டி அலறிக்கொண்டு ஓடி வந்து அவனைப் பின்னால் இழுத்தான். உள்ளங்கைத் தோல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. அப்போதும் அவன் கத்தவில்லை. கடல் தெரிந்ததா என்று இருவரும் பார்க்கவே இல்லை.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கட்டைவிரல்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் என் தங்கச்சி அவன் கைகளைப் பார்த்து, "ஏசுவே, இதுக்கா மலையேறப் போனிய?" என்று என்னைப் பார்த்துக் கதறினாள்.

எங்கள் ஊரில் கரமடி உண்டு. கடலில் வளைத்த பெரிய வலையைக் கரையில் நின்று எல்லோரும் சேர்ந்து இழுப்பது. கயிற்றைத் தொட்டவனுக்கு மீனில் பங்கு உண்டு, வழியில் போகிறவனாக இருந்தாலும். நாங்கள் திரும்பியபின் நடந்த முதல் கரமடியில் மச்சான் தள்ளி நின்று பார்த்தான். அவனுக்கும் ஒரு பங்கு கொண்டு போனேன்.

"நான் கயிறு தொடல்லியே," என்றான்.

"எவம்லே கேட்டான்? பிள்ளைகளுக்குக் கொண்டு போ."

வாங்கவில்லை. அடுத்த கரமடிக்கு வந்தவன், கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்று இழுத்தான். வலை கரையை நெருங்கியது. கயிறு என் விரல்களில் துடித்தது.

"மச்சான்," என்று மெதுவாகக் கேட்டான், "மீன் உண்டா?"