தங்காக்கிற்குத் தனியாக வந்த கார்

சித்தப்பாவின் காருக்குக் கதவு இரண்டுதான். முன்னால் இரண்டு பேர் சாய்ந்து படுத்த மாதிரி உட்காரலாம். பின்னால் இருந்ததை இருக்கை என்று சொல்ல அதைச் செய்தவர்களுக்கு நிறையத் துணிச்சல் வேண்டும். வயது வந்த யாரும் அதற்குள் காலை மடக்கிவிட முடியாது. ஒன்பது வயதில் எனக்கு மட்டும் அது அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அதனால்தான் சித்தப்பாவின் கல்யாணப் பேச்சில் எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது.

உத்தியோகம் என்றால் காவல் உத்தியோகம். சித்தப்பா எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, ஜொகூரின் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள். காருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை. அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்ணை அவருக்குப் பிடித்துப்போக, இரண்டு வீட்டாரும் பேசி, ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பெண் வீடு பண்டார் தெங்காராவில். ஞாயிறன்று இருவரும் வெளியே போய்வரலாம், ஆனால் தனியாகப் போகக் கூடாது என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். "பாப்பா பின்னால உட்கார்ந்துக்கட்டும்" என்றார் அம்மா. இப்போதிலிருந்தே சித்தி என்று கூப்பிட்டுப் பழகிக்கொள் என்றும் சொல்லி அனுப்பினார்.

நான் காவலுக்கு லாயக்கற்றவள். முதல் வாரமே சித்தி, ஐஸைச் சீவிப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். நான் கட்சி மாறிவிட்டேன். வீட்டுக்கு வந்து, என்ன பேசினார்கள் என்று அம்மா கேட்டால், ரேடியோ கேட்டார்கள் என்பேன். சித்தி சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். சித்தப்பா அந்தக் கையை விலக்கச் சொல்லிக் கெஞ்சுவார். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா.

பெண்ணின் அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். லோரிகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், ரோட்டில் ஓடத் தகுதி என்று பாஸ் வாங்க வேண்டும். அவருக்கு அது கோயிலுக்குப் போவது மாதிரி. அன்று காலை தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் கிளம்புவார் என்று சித்தியே சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்படிப்பட்டவர், ஒரு ஞாயிறு நாங்கள் கிளம்பும்போது, சித்தப்பா காரின் பின்சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எழுந்து கையை உதறினார். மறுநாள் அப்பாவுக்குப் போன் வந்தது.

"பொருத்தம்லாம் ஐயர் பாத்துட்டாரு, சந்தோஷம். காடியையும் ஒரு தடவ இன்ஸ்பெக்‌ஷன் காட்டிரச் சொல்லுங்க. பாஸ் ஆவட்டும், நிச்சயத்துக்கு நாள் குறிப்போம்."

ஊரில் பெண் வீட்டார் சம்பளம் கேட்பார்கள், சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்த மனிதர் பிரேக்கைக் கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார். "என் காடிக்கு என்ன கொறச்சல், பாஸ் ஆகும்லா" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அவர் அப்போது உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அந்தக் கார் அவரைவிடச் சில வயதே இளையது. ஆனாலும் கழுவித் துடைத்து வைத்தால் வயது போய்விடும் என்று நினைக்கிறவர் அவர்.

பரிசோதனை நிலையத்தில் காரை உருளைகளின்மேல் ஏற்றி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிரேக்கை அழுத்திப் பார்த்தார்கள். நானும் சித்தப்பாவும் ஓரத்தில் நின்றோம். மீட்டர் முள் ஒரு பக்கம் ஏறியது. இன்னொரு பக்கம் அசையவே யோசித்தது. அடியில் போய்ப் பார்த்தவர் ஸ்பிரிங்கைத் தட்டினார், சைலன்சரைத் தட்டினார், டயரைக் காட்டித் தலையை ஆட்டினார். எதிலும் தேறவில்லை. அந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர், திட்டவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையை இதிலா ஏற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று மட்டும் மலாயில் கேட்டார். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

திரும்பும்போது அவர் காரை ஓட்டிய வேகத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள்கூட எங்களைத் தாண்டிப் போயின. அடுத்த இரண்டு ஞாயிறும் சித்தியைப் பார்க்கக் காரில் போகவில்லை. ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சித்தப்பா சாக்குச் சொன்னார்.

பழுதானதை மாற்றிவிட்டால் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த மாடலைச் செய்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதன் பிரேக்கும் ஸ்பிரிங்கும் கடைகளில் கிடையாது. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவரும் பழைய கார்களில் தேட வேண்டும். வரும், வரும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், வராது. ஜொகூரில் அதே மாடல் வைத்திருந்த நாலைந்து நண்பர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் நல்ல நிலையில் ஒரே ஒரு செட் இருந்தது. டயரோடு சக்கரம், பிரேக், ஸ்பிரிங், சைலன்சர். யாருடைய காருக்குப் பரிசோதனை வருகிறதோ, செட் அந்தக் காருக்குப் போகும். பாஸ் ஆனதும் கழற்றி அடுத்தவருக்கு. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கல்யாணச் சட்டை.

ஒரு சனிக்கிழமை காலை, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவருடைய பட்டறையில் சித்தப்பாவின் காருக்குக் கல்யாணச் சட்டை மாட்டினார்கள். நான் பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு பார்த்தேன்.

"அப்ப இதெல்லாம் நம்மளோடது இல்லையா சித்தப்பா?"

"இன்னிக்கு நம்மளோடது."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. போட்டோ எடுக்க நான் பக்கத்து வீட்டு அக்காவின் பாவாடையைப் போட்டுக்கொண்டதில்லையா. கார் அன்றே பாஸ் ஆனது. பேப்பர் கையில் சூடாக இருக்கும்போதே நேராகப் பண்டார் தெங்காராவுக்கு விட்டார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்த ரோட்டில் கார் அவ்வளவு அடக்கமாக அதற்கு முன் போனதே இல்லை.

பெண்ணின் அப்பா பேப்பரை இரண்டு தரம் படித்தார். அதோடு விடுவாரா, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு டார்ச்சோடு காருக்கு அடியில் புகுந்துவிட்டார். வெளியே வரும்போது முகமெல்லாம் பல். "இப்படி வெச்சிருக்கவரு என் பொண்ணையும் நல்லா வெச்சிப்பாரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். ஆட்டுக்கறி சமைத்தார்கள். சாப்பாட்டு மேசையிலேயே அடுத்த ஞாயிறு தங்காக் போவதென்று முடிவாகிவிட்டது. நிச்சயத்துக்குப் புடவை எடுக்கத் தங்காக் துணிக்கடைகளை விட்டால் வேறு இடம் ஏது. சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில், சித்தப்பாவும் சித்தியும் நானும் காரில்.

"எல்லாரும் வேன்லயே போயிரலாமே மாமா" என்றார் சித்தப்பா.

"பாஸான காடிய வீட்ல பூட்டி வெக்கவா? எங்க ஆளுங்களும் பாக்கட்டும்லா."

சித்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சித்தப்பா அவரைப் பார்த்தார், பிறகு சரி என்றார். அந்தச் சரியை அவர் எந்த நம்பிக்கையில் சொன்னாரோ. செட் திங்கட்கிழமையே இன்னொரு நண்பருக்குப் போக வேண்டியிருந்தது. போலீஸ் மறித்து, கெடு வைத்துவிட்ட கார் அது. சனிக்கிழமைக்குள் திரும்பக் கொடுத்துவிடுகிறேன் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஆனால் அவர் கார் புகைச் சோதனையில் தேறாமல், மறுபடி காட்ட நாள் கேட்க வேண்டியதாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க சித்தப்பா போனும் கையுமாகத் திரிந்தார். சனிக்கிழமை மாலை, செட் வராது என்று தெரிந்ததும், போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிறு காலை நல்ல மழை. அப்பா அம்மாவோடு வேனில் ஏறு என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். என் இருக்கையில் என்னை ஏற விடாதது அதுதான் முதல் தடவை. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். எங்களுக்கு வெகு முன்னால் கிளம்பியவர், பண்டார் தெங்காராவுக்கு எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். காரின் இடது பக்கம் முழுக்கச் சேறு. முன்விளக்கின் ஓரத்தில் செம்பனை ஓலைக் கீற்று ஒன்று சொருகிக்கொண்டு நின்றது. தூசி பட்டாலே துடைக்கிற மனிதர், அதைப் பார்க்காதவர்போல இறங்கி நின்றார். டயரில் காற்றுக் குறைவு, அதனால்தான் மெதுவாக வந்தேன் என்று அப்பாவிடம் சொன்னார்.

சித்தி இளம் பச்சைச் சேலையில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். தலையில் மல்லிகை. நேராகக் காருக்குப் போய்க் கதவைத் திறந்தார். சித்தப்பா சுற்றிக்கொண்டு வந்து, அந்தக் கதவை அவர் கையோடு சேர்த்துச் சாத்தினார்.

"நீ வேன்ல வா."

சித்தி விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் போனார். அவர் அப்பா வேனிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏன் தம்பி?"

"வேன்லயே வரட்டும் மாமா."

"காடி பாஸ் ஆச்சுதான?"

"ஆச்சு மாமா."

"அப்புறம் என்னவாம்?"

சித்தப்பா கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. எல்லோரும் மழையில் நின்றோம். பெண்ணின் அத்தை ஒருவர், சீட்டு நனைந்துவிடும் என்று பார்க்கிறார் போல என்று வேனுக்குள்ளிருந்தே சொன்னார். அது எல்லோர் காதிலும் விழுந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சித்தப்பா சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

சித்தி வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முட்டி போட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். நெடுஞ்சாலையில் இடது ஓரமாக, காலியான இருக்கைகளோடு, அந்தக் கார் எங்கள் பின்னால் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, பிறகு மழையில் தெரியவில்லை. "வரல சித்தி" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்காக் கடையில் சித்தப்பா வந்து சேர்ந்தபோது நாங்கள் பாதிக் கடையைப் பிரித்துப் போட்டிருந்தோம். எது பிடித்திருக்கிறது என்று சித்தியிடம் கேட்டால், எதுவானாலும் சரி என்றார். சித்தப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில் பெண்ணின் அப்பா, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். அந்த வாரத்திலேயே போன் வந்தது. அவர் அந்தக் காரையே கட்டிக்கொள்ளட்டும் என்று சொன்னார்களாம். சித்தி என்று கூப்பிடச் சொன்ன அம்மாவே, இனி அப்படிச் சொல்லாதே என்றும் சொன்னார்.

இப்போது நானே பாசிர் கூடாங் ரோட்டில் தினமும் கார் ஓட்டுகிறேன். ஒரு மழையில் என் கார் பிரேக்குக்கு அடங்காமல் ஓரத்துக்கு இழுத்துப்போய் நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தச் சேறும் ஓலையும் எனக்குப் புரிந்தன. அவர் அன்று அந்தப் பழைய பிரேக் பிடிக்காமல் செம்பனைத் தோட்டத்துக்குள் சறுக்கிப் போய்விட்டுத்தான் மேலே ஏறி வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் பாஸ் வாங்கியது ஏமாற்று என்றாகும். அந்த லோரிக்காரர் ஒருநாளும் மன்னிக்க மாட்டார். வாயை மூடிக்கொண்டு சித்தியை ஏற்றியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அனேகமாக ஒன்றும் ஆகியும் இருக்காது. எத்தனையோ பேர் அப்படித்தான் ஏற்றுகிறார்கள், கல்யாணமும் நடக்கிறது. இந்த மனிதர் கதவைச் சாத்தினார். எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. பேரையும் கெடுத்துக்கொண்டு, பெண்ணையும் விட்டுவிட்டு, ஒருத்தரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டாரே. அவர் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சித்திக்கு வேறு இடத்தில் ஆனது. நல்லபடியாக இருக்கிறார் என்று கேள்வி.

தங்காக்கிலிருந்து திரும்பிய அன்று, பொழுது சாயும் நேரத்தில்தான் அவர் வீட்டுக்கு வந்தார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு அழுதழுது கண் வீங்கியிருந்தது. அவர் காரை நிறுத்திவிட்டுக் கைகளைப் பார்த்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"உங்களுக்குச் சித்திய விட, என்னைய விட, இந்தக் காடிதான் பெருசா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா பாப்பா" என்றார்.

அதற்கப்புறம் பல வருடங்கள், அவர் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோதும், எனக்குக் காய்ச்சல் என்றால் ஷிஃப்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும், அந்த ஆமாவை நான் நம்பிக்கொண்டே இருந்தேன்.