ஜானி சித்தப்பாவைக் கடித்த நாள்

ஜானியை எங்கள் வீட்டு நாய் என்று சொல்லக்கூடாது. அது அப்பாவின் கம்பெனி நாய். அப்பா ஆயர் குரோவில் ஒரு மரக்கிடங்குக்குக் காவலாளி. ஜானி அவரோடு வேலைக்குப் போய் அவரோடு திரும்பும். மீதி நேரத்துக்குப் புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கட்டிக் கிடக்கும். பெரிய அல்சேஷன். அம்மா அதற்குச் சோறு வைத்துவிட்டு, பாத்திரத்தைத் துடைப்பக்கட்டையால் தள்ளி விடுவாள். அவ்வளவு பயம்.

அதைப் பழக்கியவர் போலீஸ் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர். எல்லோருக்கும் அவர் சார்ஜன். எனக்குச் சார்ஜன் மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் திடலில் பயிற்சி நடக்கும். ஒருவர் கையில் தலையணை மாதிரி தடித்த சாக்கு உறையை மாட்டிக்கொண்டு, கம்பை ஆட்டிக்கொண்டு ஓடுவார். அப்பா "பிடி" என்பார். ஜானி பறந்து போய் உறையைக் கவ்வித் தொங்கும். "விடு" என்றால் விட்டுவிடும். மலாய், ஆங்கிலம் எதற்கும் அசையாத, தமிழுக்கு மட்டும் கட்டுப்படுகிற நாய் என்று பள்ளியில் நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு படித்தேன்.

ஒரு நாள் விடியற்காலையில் கிடங்கில் நிஜமாகவே இரண்டு பேர் நுழைந்துவிட்டார்கள். அப்பா "பிடி, பிடி" என்று கத்தியிருக்கிறார். ஜானி பாய்ந்து போயிருக்கிறது. போய், ஒருவன் கையைப் பார்த்திருக்கிறது, இன்னொருவன் கையைப் பார்த்திருக்கிறது. உறை இல்லை. இரண்டு பேரையும் சுற்றி வந்து குரைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. அதற்குள் அவர்கள் அப்பாவின் தலையில் கட்டையால் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். ஏழு தையல்.

முதலாளி நாயை மாற்றச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் அதே எண்ணம்தான். "எசமானன் அடி வாங்குறத உக்காந்து வேடிக்கை பாக்குற நாய் எதுக்கு?" என்றாள். நான் அழுதேன். சார்ஜன் மாமா மட்டும் ஜானிக்காகப் பேசினார்.

"நாய் மேல தப்பில்லம்மா. அதுக்கு நாமதான வெளையாட்டு காட்டிட்டோம்? உறையப் பாத்தா கடிக்கணும்னு படிச்சிருக்கு. ஆளப் பாத்துக் கடிக்கப் படிக்கலலா. ஒரு மாசம் குடுங்க."

உறையை மறைக்க வேண்டும் என்றார் அவர். சட்டைக்குள்ளே போடுகிற மெல்லிய தோல் உறை ஒன்று அவரிடம் இருந்தது. திடலும் ஆகாது, ஜானி பார்த்திராத இடமாக இருக்க வேண்டும், பார்த்திராத ஆளாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரு மீசைக்காரரை முழுக்கைச் சட்டையோடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தார்கள். அவர் "டேய், டேய்" என்று அதட்டினார். அதட்டும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜானி அவர் சட்டைப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. கோலா சுங்கை பாரு பக்கம் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தாத்தாவின் சாவுக்குப் பிறகு இரண்டு வருடமாக அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. லாரியில் வேலை அதிகம் என்று அம்மா சொல்லியிருந்தாள், நானும் நம்பியிருந்தேன். வாசல் கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்று, அப்பாவின் தலையில் இருந்த தையல் வடுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா "வா" என்றார். அம்மாதான் நாய்க் கதையையெல்லாம் சொன்னாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்:

"என்னைய இந்த நாய்க்குத் தெரியாதுல்ல அண்ணி? நான் நிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு தஞ்சோங் கிளிங்கில், கடற்கரைச் சாலை ஓரமாகப் பாதி கட்டி நின்றுபோயிருந்த ஒரு கடை வரிசைக்குப் போனோம். என்னைச் சார்ஜன் மாமா தன் வேனில் உட்கார வைத்து, கதவைத் திறந்தால் ஜானி என்னையும் திருடி என்று நினைத்துக்கொள்ளும் என்றார். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி வைத்துக்கொண்டேன். சித்தப்பாவின் இடது கையில், சட்டைக்குள்ளே உறை. "இடது கைய முன்னால நீட்டணும், மறந்துறாத" என்று அவருக்கு மூன்று முறை சொல்லப்பட்டது.

அப்பா ஜானியை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தூணுக்குப் பின்னாலிருந்து சித்தப்பா வெளியே வந்தார். "யாரு நீ? இங்க என்ன வேல?" என்று அப்பா கேட்டார். அதுதான் அவருடைய வசனம்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நான் யாருன்னு இப்பதான் கேக்குறியா?" என்றார்.

அவர் அப்பாவை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வார். திருடன் வேடம் என்பதால் மாற்றிக்கொண்டார் என்று நான் ரசித்தேன்.

"அப்பா பதினோரு நாளு கெடந்தாரு. ஒம் பேரச் சொல்லிச் சொல்லிக் கெடந்தாரு. எத்தன வாட்டி ஆள் அனுப்புனேன்? லீவு கெடைக்கலன்னு சொன்ன. லீவு! தோளு குடுக்க ஆள் இல்லாம வெளி ஆளக் கூப்புட்டேன் நானு!"

எவ்வளவு நன்றாக நடிக்கிறார்! அந்த மீசைக்காரர் எங்கே, இவர் எங்கே! ஒரு திருடனுக்கு எங்கள் குடும்ப விவகாரம் இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது.

"பிடின்னு சொல்லு!" என்று சார்ஜன் மாமா தூரத்திலிருந்து கத்தினார். அப்பா சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஜானி வாலை இறக்கி, காதை மடக்கி, சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கையைப் பார்க்கவில்லை.

"பேசு! வாயத் தொறந்து பேசு!" என்று சித்தப்பா பாய்ந்து அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். வலது கையால் பிடித்தார்.

யாரும் சொல்லாமலே ஜானி எழும்பியது. வெறும் கையைக் கவ்வியது. சித்தப்பாவின் அலறலைவிட அப்பாவின் "விடு! விடு!" பெரிதாகக் கேட்டது. ஜானி உடனே விட்டுவிட்டது. ஆனாலும் சட்டைக்கை முழுக்க ரத்தம். சார்ஜன் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் வாயிலிருந்து முதலில் வந்தது, "கடிச்சிருச்சிலா!" அதில் பாதி பயம், பாதி சந்தோஷம்.

கிளினிக்குக்குப் போகும்போது நான் முன் இருக்கையில் இருந்தேன். பின்னால் அப்பா தன் சட்டையைக் கழற்றிச் சித்தப்பாவின் கையில் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். சித்தப்பா அழுததில் எனக்கு ஆச்சரியமில்லை.

"அப்பா, உங்களையும் கடிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

அப்பா சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியாம செஞ்சிட்டேன்டா" என்று சித்தப்பாவிடம் சொன்னார். நாயைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "விடுங்கண்ணே" என்றார் சித்தப்பா.

ஜானி வேலையில் தங்கியது. அதன் பிறகு கிடங்கில் யாரும் நுழையவில்லை. சித்தப்பா மாதத்துக்கு ஒரு முறையாவது வந்தார். ஜானிக்குத் தனியாகக் கோழி எலும்பு கொண்டுவருவார். அது அவரை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும்.

அந்தத் தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். முறுக்குத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் கைத் தழும்பை எல்லோரும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கதையின் முக்கியமான பகுதியை இவர்கள் விட்டுவிட்டார்களே என்று இருந்தது. கூடத்துக்கு நடுவில் போய் நின்று, "சித்தப்பா அன்னிக்கு எப்படி நடிச்சாரு தெரியுமா? சித்தப்பா, அந்த வசனத்த இன்னொரு வாட்டி பேசிக் காட்டுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா தழும்பை மூடிச் சட்டைக்கையை இறக்கிவிட்டார். அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அம்மா என்னைத் தரதரவென்று அடுப்படிக்கு இழுத்துப் போய், தொடையில் கிள்ளினாள்.

நல்லதைத்தானே சொன்னேன், எதற்காகக் கிள்ளினாள் என்று அழுதுகொண்டே நின்றேன்.