கிழக்கே ஓர் இரைச்சல்

எதிர்வீட்டு அக்காவும் நானும் பேசிக்கொள்வதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. காரணம் என் மொட்டைமாடியில் நின்ற ஆன்டெனா.

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் எனக்கு எடைமேடை வேலை. லாரி ஏறி நிற்கும், எடையைப் பதிந்து சீட்டைக் கொடுத்தால் அடுத்த லாரி. சில வருடங்களுக்கு முன் ஒரு புயலில் செல்போன் எல்லாம் செத்துக் கிடந்தபோது, ஒருவர் எங்கள் கிடங்கு வாசலில் நின்று கையடக்கக் கருவியில் வெளியூருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஹாம் ரேடியோ என்றார். அன்றைக்குப் பிடித்தது. பரீட்சை எழுதினேன், நீள ஒலியும் குட்டை ஒலியுமாக எழுத்துகளைத் தட்டும் மோர்ஸ் பழகினேன், லைசென்ஸும் எனக்கென்று ஓர் அழைப்புக் குறியும் வாங்கினேன். மாடியில் படிக்கட்டுக்கு மேல் இருந்த சின்ன அறையைக் கணவர் எனக்கு விட்டுக்கொடுத்தார். அவர் ரயில்வேயில் ஷிப்ட் வேலை, அந்த அறையில் அவருடைய பழைய பூட்ஸைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

என்னிடம் இருந்த பழைய ரேடியோ செட் சிற்றலையில் மட்டும் பேசும். எனக்கோ அதற்கு மேலே இருக்கும் வி.எச்.எஃப். அலைவரிசையில் ஒரு ஆசை. அந்த அலைகள் சாதாரண நாளில் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் செத்துவிடும். ஆனால் கோடை தொடங்கும்போது, கடலுக்கு மேல் சூடான காற்று மூடிபோல் படியும் சில விடியற்காலைகளில், அதே அலை அந்த மூடிக்குக் கீழே சிக்கி, கடல் தாண்டிப் போகும் என்று படித்திருந்தேன். புது செட் வாங்க வசதியில்லை. அதனால் டிரான்ஸ்வெர்ட்டர் என்கிற பெட்டியை இரண்டு மாதம் உட்கார்ந்து நானே பற்றவைத்துச் செய்தேன். பழைய செட்டிலிருந்து வரும் சிற்றலையை வாங்கி மேலே உயர்த்தி ஆன்டெனாவுக்கு அனுப்பும். ஆன்டெனாவில் விழுவதைக் கீழே இறக்கிச் செட்டுக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் தாங்காத பெட்டி. செட்டின் முழு பவர் ஒரு நொடி உள்ளே போனாலும் கருகிவிடும். பவர் குமிழ் தவறியும் திரும்பிவிடக் கூடாதென்று இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தேன். அப்படியும் மோர்ஸ் தட்டும் சாவியைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் அந்த டேப்பைத் தடவிப் பார்ப்பேன்.

ஆன்டெனா பத்தடி நீளத்தில், மீன்முள் மாதிரி குறுக்குக் குச்சிகளோடு, கிழக்கே கடலைப் பார்த்து நின்றது. எனக்கும் கடலுக்கும் நடுவில் எதிர்வீட்டு அக்காவின் மாடி.

அக்கா எண்ணூர் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்பவர். ஏழு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே துவைத்து முடித்துவிடுவார். போன மழைக்காலத்தில் அவர் மாடியில் துணி காயும் இடத்துக்கு மேல் தகரம் போட்டார்கள். இரும்புப் பைப்புகள் நட்டு, பைப்புக்குப் பைப்பு கம்பிக் கொடி கட்டியிருந்தார்கள். என் ஆன்டெனா ஏறிய மாதமே அக்கா தெருவில் என்னை மறித்தார்.

"ஏம்மா, நீ கம்பி நட்டதுலேர்ந்து எங்க வூட்ல கொடில துணி போட்டா சுர்ருன்னு ஷாக் அடிக்குது. புள்ளைங்க கீற வூடு."

"ஆன்டெனாலேர்ந்து ஷாக்லாம் வராதுக்கா. இது ரேடியோ."

"எனக்கு அடிக்குதுன்றேன், நீ இன்னாவோ பாடம் நடத்தினுகீற?"

"உங்களுக்குப் புரியாதுக்கா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு நின்றது. அதன் பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். துறைமுகம் பக்கத்தில் இருக்கிற ஊரில் மாடியில் இப்படி ஒன்று நின்றால் வரத்தான் செய்வார்கள். லைசென்ஸைப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். யார் சொல்லி வந்தார் என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது.

மார்ச் மாதம் அந்தமானில் இருக்கும் ஒரு ஹாம்காரரோடு ஏற்பாடு செய்துகொண்டேன். தமிழர், பள்ளிக்கூட ஆசிரியர். போனில் மட்டுமே பழக்கம். ஒரு வாரம் தினமும் காலை ஐந்தேகால் முதல் ஆறு வரை முயல்வது என்று முடிவு. ஒரு நிமிடம் அவர் மோர்ஸில் கூப்பிடுவார், அடுத்த நிமிடம் நான். சுவரில் கடிகாரம் மாட்டி நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே மாறி மாறி.

முதல் நாள் ஹெட்போனை மாட்டியதும் காதில் விழுந்தது அவர் இல்லை. சர்ர்ர் என்று ஒரு இரைச்சல். எண்ணெயில் ஈரம் விழுந்தாற்போல் பொரிந்தது, நின்றது, மறுபடி பொரிந்தது. பெட்டியில் எங்கேயோ பற்றவைத்தது விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். அன்று மாலை முழுக்கத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டாம் நாளும் அதே இரைச்சல். ஆறரைக்கு மேல் வெயில் ஏறியதும் தானாக அடங்கியது. அந்தமானிலிருந்து வருவது கொசு முனகலை விட மெலிந்த ஒலி. இந்த இரைச்சலுக்கு அடியில் அது எப்படிக் கேட்கும்?

மூன்றாம் நாள் கையால் பிடிக்கிற மாதிரி சின்ன ஆன்டெனா ஒன்றைச் செய்து, சிறிய ரிசீவரோடு இணைத்து, ஆறு மணிக்குத் தெருவில் இறங்கினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியைப் பார்க்கும்போதுதான் இரைச்சல் உச்சத்துக்குப் போனது. பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா வாசலுக்கு வந்தார்.

"இன்னாத்த காட்ற எங்க வூட்டு மேல?"

"அக்கா, உங்க மாடிலேர்ந்து ஒரு கரண்ட் சத்தம் வருது. எல்.ஈ.டி. பல்பு, சார்ஜர் எதுனா கீதா? ஒரு தபா மேல வந்து பாக்கட்டா?"

"மொதல்ல உன் கம்பிய அவுரு. அப்பால எங்க வூட்டுப் படி ஏறு."

கதவு சாத்தப்பட்டது. நான் கோபத்தோடு வந்தேன். அவர் வீட்டில் ஏதோ மலிவான சார்ஜர் இருக்கிறது, அதைப் பிடுங்கிவிட்டால் போதும், அதற்குக்கூட இந்த அம்மாள் விடவில்லை என்று கணவரிடம் புலம்பினேன். அக்கா சொன்ன ஷாக்கும் நான் கேட்கும் இரைச்சலும் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். லைசென்ஸ் பரீட்சைக்காக மின்சாரம் படித்தவள் நான். தோன்றியிருக்க வேண்டும்.

நான்காம் நாள் காற்றே இல்லை. சட்டை ஒட்டும் புழுக்கம். மாடிக் கைப்பிடிச் சுவரெல்லாம் உப்புப் பனி பிசுபிசுத்தது. அலை கடல் தாண்ட ஏற்ற காலை இதுதான் என்று எனக்கு உள்ளே அடித்தது. ஐந்தேகாலுக்கு உட்கார்ந்தேன். இரைச்சல் என்றையும் விட அதிகம். அவர் நிமிடம், என் நிமிடம், அவர் நிமிடம். சாவியை அழுத்தும்போதெல்லாம் டிரான்ஸ்வெர்ட்டர் மேல் கை வைத்துச் சூடு பார்த்தேன்.

ஐந்தரை தாண்டி இருக்கும். இரைச்சல் ஒரு கணம் மூச்சு விட்ட இடைவெளியில் ஏதோ கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. என் அழைப்புக் குறியின் கடைசி எழுத்து. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மறுபடி சர்ர்ர். மறுபடி ஒரு இடைவெளி, இரண்டு எழுத்து. அவர்தான். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலிருந்து என்னைக் கூப்பிடுகிறார். கண்ணை இறுக்கிக்கொண்டு கேட்டேன். பிறகு, இன்னும் உன்னிப்பாகக் கேட்பதற்காகவோ என்னவோ, கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே ஆன்டெனா பார்க்கும் திசையையே பார்த்தேன்.

வெளியே இன்னும் சாம்பல் இருட்டு. எதிர்மாடித் தகரத்தின் ஓரத்தில் நீலமாக ஏதோ மினுக்கியது. குண்டூசித் தலை அளவு. அணைந்தது. மறுபடி மினுக்கியது. காதில் சர்ர்ர் வரும்போதெல்லாம் அங்கே நீலம். சத்தம் நின்றால் அதுவும் நின்றது.

தகரத்துக்குக் கீழே பல்பு போட ஒரு ஒயர் இழுத்திருந்தார்கள். அது தகரத்தின் விளிம்போடு உரசிக்கொண்டு போவது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. விளிம்பு ஒயரை அறுத்திருக்கிறது, பனி ஈரம் பட்டதும் அங்கே பொறி பறக்கிறது. தகரம் பைப்பில் நிற்கிறது. பைப்பில் கொடி. கொடியில் துணி போட்டால் சுர்ரென்று அடிக்கிறது.

அதே நேரம் படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா மாடிக்கு வந்தார். வெறுங்கால். இடுப்பில் வாளி நிறைய ஈரத்துணி.

ஹெட்போனை எப்படிக் கழற்றினேன் என்று தெரியாது. ஜன்னலில் நின்று கத்தினேன்.

"அக்கா! கொடியத் தொடாதக்கா! கரண்ட்டு! கரண்ட்டு ஓடுது!"

அவர் நின்றார். வாளியைத் தரையில் வைத்தார். ஒரு போர்வையை எடுத்து உதறிக்கொண்டே, "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? என் வூட்டு மாடி, என் கொடி. உன் பேஜாரு இங்கயும் வந்துச்சா?" என்றார்.

"அக்கா, ஒயர் அறுந்து தகரத்துல ஒட்டிக்கினு கீது. சத்தியமாச் சொல்றேன். தொடாத!"

அவர் திட்ட ஆரம்பித்தார். நான் நிற்கவில்லை. படிகளில் எப்படி இறங்கினேனோ, செருப்பில்லாமல் தெருவைக் கடந்து அவர் வீட்டுக் கிரில் கதவை உலுக்கினேன். அவர் கணவர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மெயினு எங்க?"

"இன்னாச்சு?"

"மெயின ஆஃப் பண்ணுங்கண்ணே! மேல அக்கா கீறாங்க!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். படிக்குக் கீழே மீட்டர் பெட்டி. அதற்குமேல் ஒரு பழைய சைக்கிள் டயர் மாட்டியிருந்தது. அதைத் தள்ளிக் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். மின்விசிறி நிற்கும் சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. ஒரு பிள்ளை சிணுங்கியது. மேலே எந்தச் சத்தமும் இல்லை. திட்டுகிற குரலும் இல்லை.

அவர் கணவர் பின்னால் வர, மாடிக்கு ஏறிய அந்தப் பதினைந்து படிகளில் நான் என்ன நினைத்தேன் என்று இப்போதும் எழுத முடியவில்லை.

அக்கா போர்வையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கொடிக்கு ஒரு முழத் தூரத்தில். காலடியில் போர்வை சொட்டித் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்னத் திட்டினே இருந்தேன். நீ ஓடிட்ட. அதான் இன்னாடான்னு நின்னுட்டேன்" என்றார்.

அவர் கணவர் தகரத்தின் கீழே குனிந்து பார்த்தார். ஒயரின் உறை இரண்டு விரல் நீளத்துக்குக் கருகித் தாமிரம் தெரிந்தது. தகரத்தில் அந்த இடம் கறுத்து, குழி விழுந்திருந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அக்காவும் வந்து பார்த்தார். பிறகு போர்வையை மடித்து, ஈரத்தோடு, தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மூணு மாசமா சொல்லினுகீறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நாந்தான்க்கா காதுல வாங்கல" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்று ஹாரன் அடித்த பிறகுதான் பொத்தானை அழுத்தவில்லை என்பதே தெரிந்தது. மாலையில் எலெக்ட்ரீஷியன் வந்து ஒயரைப் பிடுங்கி, பைப்புக்குள் புதிதாக இழுத்து, கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச் ஒன்றும் மாட்டினார். அவர் வேலை செய்து முடிக்கும்வரை நான் டார்ச் பிடித்தேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காற்று மாறிவிட்டது. வெறும் அமைதி, அந்தமான் இல்லை. ஆறாம் நாள் மறுபடி புழுக்கம். ஐந்தேகாலுக்கு நான் உட்காரும்போது எதிர்மாடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா கொடிக்குப் பக்கத்தில் நின்றபடி என் ஜன்னலைப் பார்த்தார்.

"ஏம்மா, சத்தம் எதுனா கேக்குதா?"

ஹெட்போனை மாட்டி, ஆன்டெனாவைக் கிழக்கே ஒரு முறை, கொஞ்சம் வடக்கே தள்ளி ஒரு முறை திருப்பி, நிதானமாகக் கேட்டேன்.

"இல்லக்கா. போடு."

அவர் முதலில் புறங்கையால் கொடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துணியைப் போட்டார். நான் அவர் எல்லாத் துணியையும் போட்டு முடிக்கும்வரை சாவியைத் தொடவில்லை. அந்தமான்காரருக்கு என் நிமிடங்கள் இரண்டு வெறுமையாகப் போயின.

ஐந்தே முக்காலுக்கு ஆசிரியரின் மோர்ஸ் காதில் விழுந்தது. இந்த முறை முழு அழைப்புக் குறியும். என் கை தானாக இயங்கியது. அவர் என்னைக் கேட்டதாகச் சொன்னார். நான் அவரைக் கேட்டதாகச் சொன்னேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. பிறகு ஒலி கரைந்து போனது.

உடனே போன் வந்தது. ஆசிரியர் சிரித்துக்கொண்டே ஏதேதோ பேசினார். பிறகு கேட்டார், "மேடம், அன்னைக்கே உங்களை நான் கேட்டுட்டேன். நல்லா வந்துக்கிட்டு இருந்தீங்க. அரை மணி நேரம் கூப்பிட்டேன். ஏன் அப்படி விட்டுட்டுப் போனீங்க?"

சொன்னேன். ஷாக்கைப் பற்றி அக்கா முதலில் சொன்னதையும், நான் பதில் சொன்ன விதத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

"அந்தம்மா நல்லா இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்க சார். வேலைக்குக் கெளம்பிட்டாங்க."

தெருவில் அக்கா டிபன் பையோடு வேகமாக நடந்து போவது தெரிந்தது. எனக்கும் நேரமாகியிருந்தது. பெட்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.